ரோட்டரி டூல் வாங்கும் முறை: பிட்டில் தொடங்கி மோட்டாரில் முடிக்க வேண்டும்

பொழுதுபோக்கு வேலைக்கென்று குறைந்த விலையில் ரோட்டரி டூல் (பிட் எனப்படும் சிறு வெட்டுமுனையை மிக வேகமாகச் சுழற்றும் கைக்கருவி) தேடுபவர்கள் பெரும்பாலும் இரண்டு எண்களைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள்: மோட்டார் எத்தனை வாட், பெட்டிக்குள் எத்தனை துணைப்பொருள். வாங்கி வேலையில் இறங்கிய பிறகு நன்மை தீமையைத் தீர்மானிப்பவையோ வேறு மூன்று: பிட்டைப் பிடிக்கும் கோலெட் ஆட்டமில்லாமல் சுழல்கிறதா, குறைந்த வேகத்தில் கருவி நிற்காமல் இழுக்கிறதா, அரை மணி நேரம் கையில் பிடித்து வேலை செய்ய முடிகிறதா. இந்த மூன்றும் பெட்டியின் மேல் அச்சிடப்படுவதில்லை. ஆகவே அவற்றை நாமேதான் வரிசையாகச் சோதித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கீழே உள்ள படிகளின் வரிசை முக்கியமானது. ஒவ்வொரு படியும் அடுத்த படியில் பார்க்க வேண்டிய கருவிகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிடும். கருவியை முதலில் வாங்கிவிட்டு, பிறகு அதற்கேற்ற பிட்டையும் வேலையையும் தேடுகிறவர்களே அதிகம் இடறுகிறார்கள்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

நீங்கள் உண்மையில் வேலை செய்யப்போகும் பொருளில் ஒரு கழிவுத் துண்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கொட்டாங்குச்சியில் வேலை என்றால் கொட்டாங்குச்சி, அக்ரிலிக் என்றால் அக்ரிலிக். மென்மையான மரத் துண்டில் எல்லாக் கருவியும் நன்றாகவே வேலை செய்யும்; அதில் சோதித்து எந்த முடிவுக்கும் வர இயலாது.

ஒரு டிஜிட்டல் வெர்னியர் காலிப்பர், 3 மி.மீ. அளவுள்ள ஒரு புதிய டிரில் பிட், கண்ணை நான்கு பக்கமும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி, என்95 முகக்கவசம் ஆகியவையும் தேவை. காலிப்பர் பிட்டுகளின் தண்டை அளக்க; டிரில் பிட் கோலெட்டின் ஆட்டத்தைப் பார்க்க. கண்ணாடியும் முகக்கவசமும் கருவி வந்த அன்றைக்கே வேண்டும், ஏனென்றால் சோதனையின்போதுதான் பழக்கமில்லாத கையில் பழக்கமில்லாத பிட் சுழல்கிறது.

2. செய்யப்போகும் வேலையைப் பொருளின் பெயரோடு எழுதுதல்

"கைவினை வேலை" என்று எழுதினால் போதாது. என்ன பொருள், எவ்வளவு தடிமன், அதில் வெட்டுவதா, துளையிடுவதா, தேய்ப்பதா, செதுக்குவதா, ஒரே அமர்வில் எவ்வளவு நேரம் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். "கொட்டாங்குச்சியின் வெளிப்புற நாரைத் தேய்த்து எடுத்தல், விளிம்பில் பூ வேலை, ஒரு அமர்வுக்கு ஒரு மணி நேரம்" என்பது பயனுள்ள குறிப்பு. "சர்க்யூட் போர்டில் 0.8 மற்றும் 1 மி.மீ. துளைகள்" என்பதும் அப்படியே. இந்த இரண்டுக்கும் வேண்டிய கருவிகள் ஒன்றல்ல.

இந்தப் பட்டியலிலேயே ரோட்டரி டூலுக்கு உரியதல்லாத வேலைகளை அடித்துவிட வேண்டும். சுவரில் ஆணிக்குத் துளையிடுவது, பிளைவுட் பலகையை நீளவாக்கில் அறுப்பது, இரும்புக் கம்பிகளை வரிசையாக வெட்டுவது ஆகியவை முறையே டிரில்லிங் மெஷினுக்கும் ஜிக்சாவுக்கும் ஆங்கிள் கிரைண்டருக்கும் உரியவை. ரோட்டரி டூல் வேகத்தால் வேலை செய்கிறது. அதற்கு இழுவை, அதாவது சுமையை எதிர்த்துச் சுழற்றும் வலு, குறைவு. ஆகவே சிறிய பரப்பில், கொஞ்சம் கொஞ்சமாகப் பொருளை நீக்கும் வேலைக்கே அது பொருந்தும். கொட்டாங்குச்சியை இரண்டாகப் பிளப்பதைக்கூடக் கைரம்பத்தால் செய்துவிட்டு, விளிம்பைச் சீராக்கும் வேலையை மட்டும் ரோட்டரி டூலுக்கு விடுவதே விரைவாக முடியும் என்பது என் கருத்து.

3. பிட்டை முதலில் தீர்மானித்தல்

பொருளைத் தொடுவது பிட்தான். மோட்டார் அதைச் சுழற்றுகிறது, அவ்வளவே. நல்ல பிட்டோடு சுமாரான மோட்டார் ஓரளவு நல்ல வேலையைத் தரும். மழுங்கிய பிட்டோடு விலையுயர்ந்த மோட்டார் புகையைத்தான் தரும்.

மரம், கொட்டாங்குச்சி ஆகியவற்றைச் செதுக்க டங்ஸ்டன் கார்பைடு பர் (தலையைச் சுற்றிலும் வெட்டுப்பல் உள்ள பிட்) சிறந்தது. குறுக்கு நெடுக்காக வெட்டுப்பல் உள்ள வகை கொட்டாங்குச்சியின் கடினத்தைத் தாங்கும். மென்மரத்தில் நுண்ணிய வேலைக்கு ஹெச்எஸ்எஸ் எனப்படும் அதிவேக எஃகு பர் மலிவாகக் கிடைக்கும், அதுவே போதும். மேற்பரப்பைத் தேய்க்க 13 மி.மீ. மற்றும் 6 மி.மீ. சாண்டிங் டிரம் (உப்புத்தாள் மாட்டும் உருளை) இரண்டும், அவற்றுக்கு 80, 120, 240 எண் உருளைத் தாள்களும் வாங்கினால் போதுமானது.

கண்ணாடி, மாக்கல், ஓடு ஆகியவற்றுக்கு வைரத்தூள் பூசிய பிட். இதை எப்போதும் ஈரத்தோடு பயன்படுத்த வேண்டும், ஏனென்றால் உலர்ந்த நிலையில் எழும் வெப்பம் வைரத்தூளைப் பிடித்திருக்கும் நிக்கல் பூச்சைக் கெடுத்துவிடும். கண்ணாடியிலும் கீறல் ஓடும். மலிவான முப்பது பிட் தொகுப்பு என்றாலும், ஈரத்தோடு பயன்படுத்தினால் பொழுதுபோக்கு வேலைக்கு நெடுநாள் வரும்.

வைரமே எல்லாவற்றையும் வெட்டும் என்று எண்ணி அதை இரும்பின் மேல் வைப்பது புதியவர்களிடம் அடிக்கடி பார்க்கும் தவறு. வைரம் தூய கார்பன். அதிக வெப்பத்தில் இரும்பு கார்பனைத் தன்னுள் ஈர்த்துக்கொள்ளும் இயல்புடையது. அதனால் வைர பிட் எஃகில் விரைவாகத் தேய்ந்துவிடும். எஃகைத் தேய்க்க அலுமினியம் ஆக்சைடு கல்லையோ கார்பைடு பர்ரையோ பயன்படுத்துங்கள். அலுமினியத்தில் கல்லை வைத்தால் உலோகம் கல்லின் நுண்துளைகளில் அடைத்துக்கொள்ளும். அங்கும் கார்பைடு பர்தான் சரி, அதுவும் இடையிடையே சிறிது மெழுகு தடவிக்கொண்டு.

சர்க்யூட் போர்டுத் துளைக்குக் கார்பைடு டிரில் பிட் கூர்மையாக வெட்டும், ஆனால் அது பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்காது. கையில் பிடித்துத் துளையிட்டால் மணிக்கட்டின் சிறு அசைவிலேயே ஒடிந்துவிடும். ஆகவே கருவியை நேராகப் பிடித்து இறக்கும் ஸ்டாண்டு உண்டென்றால் கார்பைடு, கையில் பிடித்துத்தான் துளையிடுவீர்கள் என்றால் ஹெச்எஸ்எஸ் என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மலிவான தொகுப்புகளில் சிறிய வட்ட ரம்பத் தகடுகள் வருவதுண்டு. கையில் பிடித்துச் செய்யும் வேலைக்கு அவற்றைப் பயன்படுத்த வேண்டாம். பல் பொருளில் சிக்கிய கணத்தில் கருவி கையை மீறித் துள்ளும்; காப்புத்தட்டு எதுவும் இல்லாத கருவியில் அந்தத் தகட்டுக்கும் விரலுக்கும் இடையே ஒன்றுமில்லை.

4. தண்டும் கோலெட்டும் பொருந்துகின்றனவா

தேவையான பிட்டுகளின் பட்டியல் தயாரானதும், அவற்றின் தண்டு அளவைப் பாருங்கள். சந்தையில் புழங்கும் அளவுகள் நான்கு. ரோட்டரி டூல்களின் பொது அளவு 3.2 மி.மீ.; சர்க்யூட் போர்டுக்கான கார்பைடு பிட்டுகளின் 3.175 மி.மீ. தண்டும் இதில் அடங்கும். மலிவான வைர பிட் தொகுப்புகள் பல 3 மி.மீ. நகைப்பட்டறையிலும் பல் மருத்துவ ஆய்வகத்திலும் பயன்படும் பர்கள் 2.35 மி.மீ. மிக மெல்லியவை 1.6 மி.மீ.

இந்த எண்களைத் தெரிந்துகொள்வதால் நேரடியான ஆதாயம் உண்டு. 2.4 மி.மீ. கோலெட் ஒன்று கருவியோடு வந்தாலோ தனியாகக் கிடைத்தாலோ, 2.35 மி.மீ. பர்களை நீங்கள் பயன்படுத்த முடியும். மதுரை தெற்காவணி மூல வீதி, கோயம்புத்தூர் ராஜ வீதி போன்ற நகைக்கடைப் பகுதிகளில் பட்டறைச் சாமான் விற்பவர்களிடம் விசாரித்துப் பாருங்கள். இத்தகைய பர்களை ஒற்றையாக, வேண்டிய வடிவில், கையில் எடுத்துப் பார்த்து வாங்க முடிந்தால், நூறு துணைப்பொருள் பெட்டியைவிட அப்படி வாங்கும் ஐந்து பர்கள் அதிக வேலை செய்யும்.

3 மி.மீ. தண்டை 3.2 மி.மீ. கோலெட்டில் இறுக்கலாம், பெரும்பாலும் பிடிக்கும். ஆனால் கோலெட் தன் இயல்பான அளவைவிடச் சற்று அதிகமாகச் சுருங்கிப் பிடிப்பதால் தண்டு முழு நீளத்திலும் தொடாது, ஆட்டம் கூடும். நுண்ணிய செதுக்கலே உங்கள் வேலை என்றால் சரியான அளவுள்ள கோலெட் கிடைக்கும் கருவியையே தேடுங்கள்.

கோலெட்டுக்குப் பதிலாக மூன்று தாடையுள்ள சிறிய சக் வாங்கினால் எந்தத் தண்டையும் பிடிக்கலாம் என்பது உண்மை. அதற்கு இரண்டு நிபந்தனைகள். முதலாவது, அது கோலெட்டைவிடப் பெரிதாகையால் எடையும் ஆட்டமும் கூடும். துளையிடவும் மெருகேற்றவும் சரி, உயர்ந்த வேகத்தில் பக்கவாட்டில் செதுக்குவதற்கு ஏற்றதல்ல. இரண்டாவது, கருவி முனையின் மரை எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றல்ல. தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் கருவிகளில்கூட மரையின் விட்டமும் புரியிடைவெளியும் மாறும். ஆகவே சக்கோ கோலெட் நட்டோ வாங்கும் முன் கருவியைக் கையோடு எடுத்துச் சென்று அதன் முனையில் திருகிப் பாருங்கள். இரண்டு மூன்று சுற்று எளிதாகப் போய்ப் பிறகு இறுகினால் அது வேறு மரை; வலுவாகத் திருகினால் கருவியின் தண்டே பழுதாகும்.

5. வேகத்தின் கீழ் எல்லையைப் பார்த்தல்

விளம்பரங்கள் மேல் எல்லையைச் சொல்கின்றன: நிமிடத்துக்கு 30,000, 35,000 சுழற்சி என்று. உண்மையில் பார்க்க வேண்டியது கீழ் எல்லை. காரணம், பொருளைத் தொடுவது பிட்டின் விளிம்பு. அந்த விளிம்பின் வேகம் பிட்டின் விட்டத்தைப் பொறுத்தது. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, நிமிடத்துக்கான சுழற்சியால் பெருக்கி, 19,100 ஆல் வகுத்தால் விளிம்பின் வேகம் நொடிக்கு இத்தனை மீட்டர் என்று கிடைக்கும்.

3 மி.மீ. பர் 30,000 சுழற்சியில் ஏறத்தாழ 4.7 மீட்டர் வேகத்தில் வெட்டுகிறது. அது மிதமானதுதான், சிறிய பிட்டுக்கு உயர்ந்த வேகம் வேண்டும் என்பதன் காரணம் இது. அதே சுழற்சியில் 24 மி.மீ. கட்டிங் டிஸ்க்கின் விளிம்பு 38 மீட்டர் வேகத்தை எட்டும். 38 மி.மீ. டிஸ்க் என்றால் 60 மீட்டர். இதனால்தான் ஒவ்வொரு டிஸ்க்கிலும் பிரஷ்ஷிலும் உச்ச வேகம் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். குறிக்கப்படாத பெரிய டிஸ்க்கை நான் கருவியில் மாட்டுவதில்லை. கம்பி பிரஷ்களை 15,000க்கு மேல் சுழற்றக் கூடாது. மீறினால் கம்பிகள் பறந்து வந்து தோலில் ஏறும்.

அக்ரிலிக்கும் பிற பிளாஸ்டிக்குகளும் வெட்டுப்படுவதற்கு முன் உருகிவிடக் கூடியவை. அவற்றுக்கு 5,000 முதல் 10,000 வரையிலான வேகமே வசதியானது. டிரெமெல் 3000 என்னும் கருவியின் 230 வோல்ட் வகை 130 வாட், 10,000 முதல் 33,000 சுழற்சி. டிரெமெல் 4000 என்பது 175 வாட், 5,000 முதல் 35,000. இவ்விரண்டில் அக்ரிலிக் வேலைக்கு வேறுபாட்டை உண்டாக்குவது கூடுதல் 45 வாட் மட்டுமல்ல. 5,000இல் தொடங்கும் அந்தக் கீழ் எல்லைதான். இந்த எண்களிலிருந்து இன்னொன்றும் புலப்படும்: தரமான கருவியே 130 வாட்டில் வேலையை முடிக்கிறது. பெயர் தெரியாத கருவியின் பெட்டியில் 260 வாட் என்று இருந்தால் அது இரு மடங்கு வலிமையைக் குறிக்காது. மின்கம்பியிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு பிட்டுக்குப் போய்ச் சேருகிறது, எவ்வளவு வெப்பமாகிறது என்பதை அந்த எண் சொல்வதில்லை.

கீழ் எல்லை இருந்தால் மட்டும் போதாது, அங்கே இழுவையும் வேண்டும். வேகத்தை மாற்றும் சாதாரண டயல், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் குறைக்கிறது. வேகத்தோடு இழுவையும் குறைந்துவிடும், பிட்டைப் பொருளில் வைத்ததும் நின்றுவிடும். சுமை ஏறும்போது தானாகக் கூடுதல் மின்சாரம் கொடுத்து வேகத்தை நிலைநிறுத்தும் மின்னணுக் கட்டுப்பாடு உள்ள கருவி சற்று விலை கூடும். உங்கள் பட்டியலில் பிளாஸ்டிக், மெருகேற்றல், கம்பி பிரஷ் ஆகியவை முதன்மையாக இருந்தால் அந்தக் கூடுதல் விலையைக் கொடுங்கள். மரச் செதுக்கலும் கண்ணாடியில் கோலமிடுதலும் மட்டுமே என்றால் தேவையில்லை.

6. எந்த வகைக் கருவி

மின்கம்பியுள்ள 230 வோல்ட் கருவி, கொடுக்கும் பணத்துக்கு அதிக வேலையைத் தரும். குறை, எடை. அதைத் தீர்க்க ஃபிளெக்ஸ் ஷாஃப்ட் எனப்படும் வளையும் குழலைச் சேர்க்கலாம். மோட்டாரை மேலே தொங்கவிட்டு, பேனா அளவுள்ள கைப்பிடியை மட்டும் பிடித்துக்கொள்ளலாம். குழலைக் கூர்மையாக வளைத்து ஓட்டினால் உள்ளிருக்கும் கம்பி உறையில் உரசிச் சூடேறி அறுந்துவிடும். அகலமான வளைவாக விழும்படி தொங்கவிடுங்கள்.

யூஎஸ்பி மின்னேற்றப் பேனா வகை மிக மலிவு, மிக இலகு. கண்ணாடியில் பெயர் எழுத, பிளாஸ்டிக் மாதிரி வண்டிகளின் விளிம்பைச் சீராக்க அது போதும். சாண்டிங் டிரம்மை மாட்டி மரத்தில் அழுத்தினால் நின்றுவிடும். இதை முதல் கருவியாக வாங்கியவர்கள் பெரும்பாலும் இரண்டாவது கருவி வாங்குகிறார்கள்.

அதிகம் கவனிக்கப்படாத வகை மைக்ரோமோட்டார்: கட்டுப்பாட்டுப் பெட்டி தனி, மெல்லிய கைப்பிடி தனி. பல் மருத்துவ ஆய்வகங்களில் இருப்பது இதுதான். நகத்தை அழகுபடுத்தும் நிலையங்களில் இதன் எளிய வடிவம் இருக்கும். 2.35 மி.மீ. பர்களைப் பிடிக்கும், ஆட்டம் மிகக் குறைவு, குறைந்த வேகத்திலும் நன்றாக இழுக்கும். நுண்செதுக்கல் மட்டுமே செய்பவர் இதையே முதலில் பரிசீலிக்க வேண்டும். கட்டிங் டிஸ்க் வேலையும் வேண்டும் என்பவருக்கு இது உதவாது.

டை கிரைண்டர் என்று கடைகளில் காட்டப்படுவது வேறு கருவி. அதன் கோலெட் பொதுவாக 6 மி.மீ., மோட்டார் பல மடங்கு வலியது, எடையும் அதிகம். வெல்டிங் பட்டறைக்கு உரியதை மேசை வேலைக்கு வாங்கிவிட வேண்டாம்.

அமெரிக்காவில் இருக்கும் உறவினர் வாங்கி வந்து கொடுக்கும் கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மோட்டாரின் மேல் உள்ள தகட்டில் 120 வோல்ட் என்றிருந்தால், வெறும் பிளக் மாற்றியைப் போட்டு நம் 230 வோல்ட்டில் இணைத்தால் மோட்டார் எரிந்துவிடும். போதிய வாட் திறனுள்ள ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதன் விலையையும் எடையையும் கணக்கிட்டால் பெரும்பாலும் இங்கேயே வாங்குவது மேல். மின்னேற்றக் கருவி என்றால், சார்ஜரில் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் பிளக் மாற்றி ஒன்றே போதும்.

7. பணத்தைப் பிரித்தல்

கையில் 3,000 ரூபாய் இருந்தால் கருவிக்கு 1,800க்கு மேல் ஒதுக்காதீர்கள். 700 ரூபாய் பிட்டுகளுக்கு, 300 கண்ணாடிக்கும் முகக்கவசத்துக்கும், மீதி கூடுதல் கோலெட்டுக்கும், மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கடத்தித் தேயும் கார்பன் பிரஷ் ஒரு ஜோடிக்கும். மொத்தத்தையும் கருவியில் போட்டவர், பெட்டியோடு வந்த மழுங்கிய பிட்டுகளால் வேலை செய்து, கருவி சரியில்லை என்ற முடிவுக்கு வருகிறார். முதல் மாதத்தில் மாறுபட்ட முடிவுகள் வருவது மோட்டாரால் அல்ல, பிட்டுகளால்தான்.

"நூற்றுக்கும் மேற்பட்ட துணைப்பொருள்" என்ற பெட்டியைத் திறந்து எண்ணிப் பாருங்கள். மெல்லிய கட்டிங் டிஸ்க்குகளும் சாண்டிங் தாள் வட்டங்களுமே பெரும்பங்கு. வெவ்வேறு வகை என்று எண்ணினால் பத்துப் பன்னிரண்டைத் தாண்டாது. ஒரே விலையில் இரண்டு கருவிகள் இருந்தால் துணைப்பொருள் குறைவாக வருவதை வாங்கச் சொல்வேன்.

8. பெட்டியைத் திறந்ததும் செய்ய வேண்டிய சோதனை

திருப்பித் தரும் கெடு முடிவதற்குள், முடிந்தால் முதல் நாளிலேயே, இதைச் செய்யுங்கள். கடையில் நேரில் வாங்குவதானால் முதல் மூன்று சோதனைகளை அங்கேயே செய்துவிடலாம். செய்ய விடாத கடையில் வாங்க வேண்டியதில்லை.

முதலில், மின்சாரம் இல்லாமல் கோலெட் நட்டை விரலால் சுழற்றுங்கள். சீராகச் சுழல வேண்டும். மணல் கலந்ததுபோல் கரகரவென்று இருந்தால் பேரிங் சரியில்லை. பிறகு நட்டைப் பிடித்து முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் அசைத்துப் பாருங்கள். உணரக்கூடிய அசைவு இருந்தால் அந்தக் கருவி நுண்வேலைக்கு ஆகாது.

இரண்டாவது, 3 மி.மீ. டிரில் பிட்டைத் தலைகீழாக அல்ல, முறையாகவே மாட்டி, வழவழப்பான தண்டுப்பகுதி ஒரு சென்டிமீட்டர் வெளியே தெரியும்படி இறுக்குங்கள். மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டி, வெளிச்சத்துக்கு எதிரே பக்கவாட்டில் பாருங்கள். தண்டு ஒரே கோடாகத் தெரிந்தால் நல்லது. மங்கலான பட்டையாகத் தெரிந்தால் ஆட்டம் இருக்கிறது. உடனே கருவியைக் குறை சொல்லாமல், நிறுத்தி, பிட்டைக் கால் சுற்றுத் திருப்பி மீண்டும் இறுக்கிப் பாருங்கள். பிறகு கோலெட்டின் அளவுக்கே உரிய தண்டுள்ள வேறொரு பிட்டில் பாருங்கள். எல்லாவற்றிலும் அதே ஆட்டம் என்றால் கோலெட் அல்லது தண்டு கோணல்.

மூன்றாவது, டயலைக் கீழிருந்து மேலாக மெதுவாக ஏற்றுங்கள். ஒலி படிப்படியாக உயர வேண்டும். பாதி தூரம் ஒன்றுமே மாறாமல் இருந்து திடீரென்று பாய்ந்தால், உங்களுக்குத் தேவையான இடைவேகம் கிடைக்காது. ஏதேனும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் கை மரத்துப்போகும் அளவுக்கு அதிர்ந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்காவதுதான் முக்கியமானது, அதற்குத்தான் கழிவுத் துண்டு. சாண்டிங் டிரம்மையோ உங்கள் முதன்மை பிட்டையோ மாட்டி, டயலின் கால்பகுதி வேகத்தில், எழுதும் அளவு அழுத்தத்தோடு பொருளில் வையுங்கள். வேகம் சற்றுக் குறைவது இயல்பு. நின்றுவிட்டாலோ, ஒவ்வொரு முறையும் தூக்கித் தூக்கி வைக்க வேண்டியிருந்தாலோ, நீங்கள் எழுதிய வேலைக்கு இந்தக் கருவி பொருந்தாது.

ஐந்தாவது, சுமையில்லாமல் நடுவேகத்தில் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். மூக்குப்பகுதி இளஞ்சூடாவது சரி. விரல் வைக்க முடியாத அளவு சூடேறினால் முன் பேரிங் இறுக்கமாக இருக்கிறது என்று பொருள். அது நாளடைவில் சரியாகும் என்று காத்திருக்க வேண்டாம். காற்றுத்துளை வழியே கார்பன் பிரஷ் பக்கம் சிறு நீலப்பொறி தெரிவது புதிய மோட்டாரில் இயல்பானது; நெருப்பு வளையம்போல் முழுச் சுற்றும் தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள்.

அச்சிட்ட வேகம் உண்மையா என்று அறிய விரும்புவோர் கைப்பேசியில் ஒலி அலைவரிசை காட்டும் செயலியைப் பயன்படுத்தலாம். 30,000 சுழற்சி என்பது நொடிக்கு 500. ஆகவே 500 ஹெர்ட்ஸ் அருகே ஒரு முகடும் அதன் மடங்குகளும் தெரிய வேண்டும்.

கடைசியாக, கருவியின் இரு பக்கமும் திருகக்கூடிய வட்ட மூடிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை கார்பன் பிரஷ் மூடிகள். வெளியிலிருந்து மாற்ற முடியாத கருவியில் பிரஷ் தேய்ந்ததும் உடலைப் பிரிக்க வேண்டியிருக்கும். பெயர்த்தகட்டில் சதுரத்துக்குள் சதுரம் குறி இருந்தால் அது இரட்டைக் காப்புடையது. இரண்டு முனைப் பிளக்கோடு வந்தாலும் குறையில்லை. அந்தக் குறியும் இல்லை, மூன்றாவது முனையும் இல்லை என்றால் வாங்காதீர்கள்.

9. முதல் வேலையில் இடறும் இடங்கள்

பிட்டைக் கோலெட்டுக்குள் அடிவரை செருகி, ஒரு மில்லிமீட்டர் அளவு வெளியே இழுத்து, பிறகு இறுக்குங்கள். அடியில் முட்டியபடி இறுக்கினால் கோலெட் சரியாகக் கவ்வாது. தண்டில் பாதிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், உயர்ந்த வேகத்தில் மெல்லிய தண்டு வளைந்து சாட்டைபோல் அடிக்கும். பிட் இல்லாத நேரத்தில் நட்டை இறுக்கி வைப்பதும் கூடாது. கோலெட் சுருங்கி அப்படியே நின்றுவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போது தண்டுப்பூட்டுப் பொத்தானை அழுத்தினால் பூட்டு முனை உடைந்துவிடும். பெருவிரல் இயல்பாக வந்து நிற்கும் இடத்திலேயே பல கருவிகளில் அந்தப் பொத்தான் இருப்பதால், பிடிக்கும் விதத்தை முதல் நாளே பழக்கிக்கொள்ளுங்கள்.

அழுத்துவது அடுத்த தவறு. வெட்டவில்லை என்றதும் எல்லோரும் அழுத்துகிறார்கள். அழுத்தினால் வேகம் விழும், விசிறியின் காற்று குறையும், மோட்டார் சூடாகும், பிட் இன்னும் மோசமாக வெட்டும். வெட்டவில்லை என்றால் பிட் மழுங்கியிருக்கும் அல்லது பொருளுக்குப் பொருந்தாதது. மாற்றுங்கள்.

பொருளைக் கையில் பிடித்துக்கொண்டு வெட்டாதீர்கள். சிறிய வைஸிலோ ஜி கிளாம்பிலோ பிணையுங்கள். கட்டிங் டிஸ்க்கை வெட்டுக்குள் பக்கவாட்டில் திருப்பினால் உடைந்து சிதறும்; டிஸ்க்கின் நேர்க்கோட்டில் முகம் இல்லாதபடி சற்று விலகி அமருங்கள். தளர்ந்த துணிக் கையுறை, துப்பட்டா, முந்தானை, அவிழ்ந்த கூந்தல் எதுவும் அருகில் வரக் கூடாது.

கண்ணாடியை ஈரத்தோடு செதுக்கும்போது, ஆழமற்ற தட்டில் பொருள் மூழ்கும் அளவு மட்டும் நீர் வைத்து, கருவியை எப்போதும் மேலிருந்து கீழ்நோக்கிப் பிடியுங்கள். கருவி கீழேயும் பொருள் மேலேயும் இருந்தால் நீர் தண்டு வழியே மோட்டாருக்கு இறங்கும். இந்த வேலைக்கு ஃபிளெக்ஸ் ஷாஃப்ட்டோ மின்னேற்றக் கருவியோ பாதுகாப்பு. 230 வோல்ட் கருவியை நேரடியாகக் கையில் பிடிப்பதானால், வீட்டு மின்பலகையில், மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி இருப்பதை உறுதி செய்துகொண்ட பிறகே தொடங்க வேண்டும்.

தூசியைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. கொட்டாங்குச்சித் தூள் மிக நுண்ணியது; சர்க்யூட் போர்டுத் தூளில் கண்ணாடி இழை இருக்கிறது; மாக்கல்லையும் ஓட்டையும் உலர்ந்த நிலையில் தேய்ப்பது நுரையீரலுக்குக் கேடு. துணியை மூக்கில் கட்டிக்கொள்வது இவற்றைத் தடுக்காது. மின்விசிறியை அணைத்துவிட்டு, சன்னல் ஓரத்தில், என்95 அணிந்து வேலை செய்யுங்கள்.

10. வாங்கிய பிறகு பார்க்க வேண்டியவை

வேலை முடிந்ததும் கருவியைச் சுமையில்லாமல் ஒரு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். உள்ளே தேங்கிய வெப்பம் வெளியேறும். காற்றுத்துளைகளை உலர்ந்த தூரிகையால் துடைத்து, கோலெட்டைக் கழற்றித் தட்டி வையுங்கள். கோலெட்டுக்குள் தங்கும் தூள்தான் நல்ல கருவியிலும் சில மாதத்தில் ஆட்டத்தை உண்டாக்குகிறது.

கார்பன் பிரஷ்களை அவ்வப்போது கழற்றி, காலிப்பரால் நீளத்தை அளந்து பாருங்கள். 3 மி.மீட்டருக்குக் குறைந்தால் இரண்டையும் ஒருசேர மாற்ற வேண்டும். தேய்ந்தது மாற்றத் தேவையில்லாத அளவில் இருந்தால், எந்தப் பக்கத்திலிருந்து, எந்த முகம் மேலாக எடுத்தீர்களோ அப்படியே திரும்பப் பொருத்துங்கள்; திருப்பிப் போட்டால் பிரஷ்ஷின் வளைவு மோட்டாரின் வளைவோடு பொருந்தாமல் பொறி பறக்கும். புதிய பிரஷ் போட்ட பிறகு சில நிமிடம் சுமையில்லாமல் ஓட்டி அது படிந்ததும் வேலையைத் தொடங்குங்கள். பிரஷ்ஷின் நீள அகலத் தடிமனை முதல் முறை கழற்றும்போதே குறித்து வைத்தால், அந்த நிறுவனத்தின் உதிரிப்பாகம் கிடைக்காவிட்டாலும், டிரில்லிங் மெஷின் பழுதுபார்ப்பவர்களிடம் அதே அளவில் ஒன்றைத் தேடியெடுக்க முடியும். சற்றுப் பெரிதாக இருந்தால் உப்புத்தாளில் தேய்த்து அளவுக்குக் கொண்டுவரலாம்.